கூடத்தில் நடக்கும் ராஜதந்திரம்: சேர விரும்புவோர் கேட்கும் கேள்விகள்

நாடுகளுக்கு இடையே நட்பு வளர்க்கும் தன்னார்வ அமைப்பு ஒன்றில் சேர விரும்புகிறவர் முதலில் கேட்பது, "என்னை எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள்?" என்றுதான். ஆசையில் தப்பில்லை. ஆனால் இந்தத் துறையில் அனுப்புகிற வேலை கொஞ்சம், வரவேற்கிற வேலைதான் அதிகம். விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு காத்திருக்க வேண்டும். வருகிறவர் சைவமா, ஹலால் மட்டுமா என்று முன்பே விசாரித்து வைக்க வேண்டும். வேன் வராவிட்டால் சொந்தக் காரை எடுக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு "நாளைக் காலைச் சந்திப்பு ரத்து" என்று செய்தி வந்தால், விடிவதற்குள் இன்னொரு சந்திப்பைப் பிடிக்க வேண்டும். கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவருக்கு இருக்கிற பொறுமையும் கவனமும் உள்ளவர் இங்கே நன்றாக ஒட்டிக்கொள்வார். கோட்டு சூட்டு போட்டு மேடையேறி நாட்டின் சார்பில் பேசலாம் என்று வருகிறவர் ஆறு மாதத்தில் சலித்துப்போவார்.

அரசுகள் தூதரகம் வழியாகப் பேசிக்கொள்கின்றன. அதற்கு வெளியே, சாதாரண மக்கள் எல்லை தாண்டிப் பழகுவதற்கு ஓர் ஒழுங்கை ஏற்படுத்தித் தருவதுதான் குடிமக்கள் ராஜதந்திர அமைப்புகளின் வேலை. இதற்கு நிறுவன வடிவம் கிடைத்ததில் ஒரு படைத்தளபதிக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் நேசநாட்டுப் படைகளை நடத்திய ஐசனோவர், அமெரிக்க அதிபரான பிறகு 1956 செப்டம்பர் 11 அன்று வெள்ளை மாளிகையில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். மக்களை மக்களோடு பழகவிடுவதுதான் மாநாட்டின் நோக்கம். இன்று அமெரிக்காவின் நகர உறவுகளை ஒருங்கிணைக்கும் 'சிஸ்டர் சிட்டீஸ் இன்டர்நேஷனல்' அந்த மாநாட்டின் வழியில் பிறந்தது.

வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. டென்வர் நகரத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் போருக்குப் பின் பிரான்சின் பிரெஸ்ட் நகருக்குப் போய், குண்டுவீச்சில் அது இடிந்து கிடந்ததைப் பார்த்தார். ஊர் திரும்பித் தன் மாணவர்களிடம் சொன்னார். பிள்ளைகள் சில்லறை சேர்த்தார்கள். அங்கே மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைத் திரும்பக் கட்ட அந்தப் பணம் போனது. 1948இல் இரண்டு ஊர்களும் சகோதர நகரங்களாயின. அதே டென்வர் 1984இல் சென்னையையும் சேர்த்துக்கொண்டது. அங்கே சென்னையின் பெயரில் ஒரு பூங்கா இருப்பது சென்னைவாசிகளில் பலருக்குத் தெரியாது.

எந்த அமைப்பில் சேரலாம்?

இதற்கு ஒரே பதில் கிடையாது. எல்லா அமைப்புகளும் 'நட்பு', 'புரிதல்' என்றே பேசினாலும் உள்ளே நடக்கிற வேலை முற்றிலும் வேறு வேறு. நகர உறவுக் குழுக்களில் பெரும்பாலும் அதே ஊரில் குடியிருப்பவர்கள்தான் இருப்பார்கள். டென்வர் போன்ற நகரங்களில் ஒவ்வொரு சகோதர நகரத்துக்கும் தனிக் குழு இருக்கிறது. மாதம் ஒரு கூட்டம், வருடத்துக்கு ஒன்றிரண்டு விழா, எப்போதாவது ஒரு மேயர் வருகை என்று போகும். மெதுவான வேலை. வேர்பிடித்து ஓர் ஊரில் வாழ்கிறவர்களுக்கு, குறிப்பாக வெளிநாட்டில் குடியேறிய தமிழர்களுக்கு, தங்கள் புது ஊரை அறிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் அரிது.

வீட்டில் தங்கவைக்கும் அமைப்புகள் இன்னொரு வகை. இவற்றில் மூத்தது 'செர்வாஸ்'. பாப் லூட்வெய்லர் என்ற அமெரிக்கப் போர் எதிர்ப்பாளர் 1949இல் டென்மார்க்கில் நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியது. உலகப் போர் முடிந்து நாலே வருடம் ஆகியிருந்தது. அந்நியர் ஒருவர் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் அவரைச் சுடுவது கடினமாகிவிடும் என்ற எளிய நம்பிக்கைதான் அடிப்படை. இந்தியாவிலும் இதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பயணம் போக விரும்புகிறவரை மூத்த உறுப்பினர் ஒருவர் நேர்காணல் செய்வார். பிறகு அறிமுகக் கடிதம் கிடைக்கும். அதைக் காட்டி, முன்கூட்டியே எழுதிக் கேட்டு, ஒரு வீட்டில் வழக்கமாக இரண்டு இரவு தங்கலாம். தங்குகிறவர் வீட்டுக்காரருக்குப் பணம் தரக் கூடாது. தரவேண்டியது நேரம். பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு வந்து படுத்துக்கொள்கிறவரை எந்த வீட்டுக்காரரும் மறுமுறை கூப்பிட மாட்டார். மலிவான தங்குமிடம் தேடுகிறவர்களை வடிகட்டுவதற்காகவே அந்த நேர்காணல்.

'ஃபிரெண்ட்ஷிப் ஃபோர்ஸ்' குழுவாகப் போகிறது. வெய்ன் ஸ்மித் என்ற பாதிரியாரும் ஜிம்மி கார்ட்டரும் தொடங்கிய அமைப்பு. கார்ட்டர் அதிபரான சில வாரங்களில், 1977 மார்ச் 1 அன்று, மாநில ஆளுநர்கள் கூடியிருந்த வேளையில் இதை அறிவித்தார். முதல் பரிமாற்றம் அட்லாண்டாவுக்கும் இங்கிலாந்தின் நியூகாசிலுக்கும் இடையே நடந்தது. ஓர் ஊர்க் கிளப் உறுப்பினர்கள் இன்னோர் ஊர்க் கிளப்புக்குப் போய், வீடுகளில் பிரிந்து தங்கி, ஒரு வாரம் போலப் பழகிவிட்டு வருவார்கள். பின்னால் அவர்கள் வருவார்கள், நாம் வீட்டைத் திறந்துவிட வேண்டும். ஓய்வுபெற்றவர்களுக்கு, தனியாகப் பயணம் செய்யத் தயங்குகிறவர்களுக்கு ஏற்றது.

செலவு யாருடையது?

பெரும்பாலும் சேருகிறவருடையது. விமான டிக்கெட், விசா, பயணக் காப்பீடு, உறுப்பினர் சந்தா எல்லாம் சொந்தக் கை. தங்கும் இடமும் பெரும்பாலான சாப்பாடும் மட்டும் இலவசம். அதற்கு ஈடாக நம் வீட்டிலும் ஒரு படுக்கை தயாராக இருக்க வேண்டும். இதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்கிற அமைப்பு நம்பத்தக்கது. 'எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று தொடங்குவதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

அமெரிக்க அரசின் பார்வையாளர் திட்டத்துக்கு விண்ணப்பிப்பது எப்படி?

விண்ணப்பிக்கவே முடியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் ஆட்கள் நம்புவதில்லை. 'இன்டர்நேஷனல் விசிட்டர் லீடர்ஷிப் புரோகிராம்' என்ற அந்தத் திட்டம் 1940இல், நெல்சன் ராக்கஃபெல்லர் லத்தீன் அமெரிக்கப் பத்திரிகையாளர்களை அமெரிக்காவுக்கு அழைத்ததில் தொடங்கியது. அன்று முதல் 2 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் போய் வந்திருக்கிறார்கள். 1966இல் அன்வர் சதாத் போனார், அப்போது அவர் எகிப்தின் அதிபர் அல்ல. 1967இல் மார்கரெட் தாட்சர் போனார், பிரதமராக அவருக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது. யார் பின்னால் பெரிய ஆளாவார் என்று தூதரக அதிகாரிகள் கணித்துப் பெயர் கொடுப்பதுதான் முறை. ஒரு துறையில் தெரியும்படி வேலை செய்துகொண்டிருப்பவரைத் தூதரகமே தேடிவரும். தேடிப்போய் மனுக் கொடுக்க இடமில்லை. காசு வாங்கிக்கொண்டு 'சேர்த்துவிடுகிறேன்' என்று ஒருவர் சொன்னால், அவர் ஏமாற்றுகிறார் என்று பொருள்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பெயர் பெற்ற விருந்தாளிகளை யார் கவனித்துக்கொண்டார்கள்? வாஷிங்டனில் சில நாட்கள் கழித்ததும் பார்வையாளர்கள் மூன்று நான்கு ஊர்களுக்குப் போவார்கள். அங்கே அவர்களை வரவேற்பது உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகள். 'குளோபல் டைஸ் யு.எஸ்.' என்ற தலைமை அமைப்பின் கீழ் நாடு முழுக்க இவை பரவிக் கிடக்கின்றன. பாஸ்டனில் 'வேர்ல்டு பாஸ்டன்', டென்வரில் 'வேர்ல்டு டென்வர்' என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அமெரிக்காவில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் இவற்றில் ஒன்றுக்கு எழுதிப் பதிந்துகொண்டால், ஒரு புதன்கிழமை மாலை கென்யாவிலிருந்து வந்த இரண்டு நீதிபதிகளோ உஸ்பெகிஸ்தான் ஆசிரியர்களோ இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரக்கூடும். சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் போதும். அமெரிக்காவைப் பார்க்க வந்தவருக்கு அமெரிக்கா என்றால் யார் யார் என்பதும் அந்த மேசையில்தான் விளங்கும். அடுத்த வாய்ப்பு யாருடைய கண்ணில் படும் என்று கணக்குப் போடுகிறவருக்கு இது வீண் வேலையாகத் தோன்றலாம். பழகுவதில் ருசி உள்ளவர் வருடக்கணக்கில் விடாமல் செய்வார்.

சம்பள வேலை கிடைக்குமா?

கிடைக்கும், கொஞ்சம். உள்ளூர் அமைப்பு என்றால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள்தான். அங்கே முக்கியமான ஆள் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர். அவருடைய ஒரு நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால் இந்தத் தொழிலே புரிந்துவிடும். நீர் மேலாண்மை பற்றி அறிய எட்டுப் பேர், ஐந்து நாடுகளிலிருந்து, மொழிபெயர்ப்பாளரோடு, இரண்டு நாளுக்கு வருகிறார்கள் என்று தலைமையிடமிருந்து தகவல் வருகிறது. மாநகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், ஓர் உழவர் சங்கம், ஒரு நகர்மன்ற உறுப்பினர் எனப் பட்டியல் போட்டு ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டும். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். பதில் போட்டவர்களில் ஒருவர் கடைசி நாளில் பின்வாங்குவார். இடத்துக்கு இடம் போக எவ்வளவு நேரம் ஆகும், எங்கே தொழுகைக்கு இடம் உண்டு, யாருக்குப் படி ஏற முடியாது, மொழிபெயர்ப்பதால் ஒரு மணி நேரப் பேச்சு அரை மணியாகச் சுருங்கும் என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும். எல்லாம் முடிந்ததும் அறிக்கை, செலவுக் கணக்கு. சர்வதேச உறவுகளில் முதுகலைப் பட்டம் இருந்தால் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். வேலை கிடைப்பதோ, முன்பின் தெரியாதவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஓர் உதவி கேட்கத் தெரிந்தவருக்கு.

விசா விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி விசாவில் இருப்பவர் விருந்தாளியை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவதற்குத் தடை எதுவும் இல்லை. ஆனால் அமைப்பு சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் அலுவலக வேலையை 'தொண்டு' என்று இலவசமாகச் செய்வது, அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படக்கூடும். மாணவர் விசாவில் இருப்பவர் இன்டர்ன்ஷிப்பில் சேரும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

'சி.ஐ.எஸ்.வி.' என்ற அமைப்பின் முகாம் பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கானது என்றாலே பெற்றோர் திகைக்கிறார்கள். அதைத் தொடங்கிய, அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த உளவியலாளர் டோரிஸ் ஆலன், சமாதானத்தைப் பெரியவர்களிடம் தொடங்குவது காலம் கடந்த வேலை என்று நினைத்தார். 1951இல் முதல் முகாம் நடந்தது. இன்றும் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், கூடவே ஒரு வயது வந்த தலைவர் என்று வந்து, 28 நாள் சேர்ந்து வாழ்கிறார்கள். மொழி தெரியாத பிள்ளைகள் மூன்றாம் நாளே விளையாட ஆரம்பித்துவிடுவார்கள். முதல் வாரம் வீட்டை நினைத்து அழுவதும் சகஜம். இந்தியாவிலும் இதற்குக் கிளைகள் உண்டு. பதின்வயதினருக்கு 'ஏ.எஃப்.எஸ்.' பழைய பெயர். 1915இல் முதல் உலகப் போர்க் களத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள் அமைத்தது, 1947 முதல் மாணவர் பரிமாற்றத்துக்கு மாறியது.

இங்கே பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தங்கும் வீட்டை யார், எப்படிச் சோதித்தார்கள்? அமெரிக்கா போகும் பள்ளி மாணவர்கள் விஷயத்தில் சட்டமே இதைச் சொல்கிறது. அந்த வீட்டில் இருக்கும் வயது வந்தவர் ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியையும் சரிபார்க்க வேண்டும். நேரில் போய் வீட்டைப் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது பிள்ளையோடு பேச வேண்டும். இதைப் பற்றிக் கேட்டதும் முகம் சுளிக்கிற அமைப்பிடம் பிள்ளையை ஒப்படைக்கக் கூடாது.

சட்டச் சிக்கல் வருமா?

1798இல் ஜார்ஜ் லோகன் என்ற ஃபிலடெல்ஃபியா மருத்துவர், அமெரிக்காவும் பிரான்சும் கடலில் மோதிக்கொண்டிருந்தபோது சொந்தச் செலவில் பாரிசுக்குப் போய் பிரெஞ்சு ஆட்சியாளர்களைச் சந்தித்துப் பேசினார். திரும்பி வந்தவருக்குப் பாராட்டும் கிடைத்தது, ஒரு சட்டமும் கிடைத்தது. அரசின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு அரசோடு சச்சரவுகள் பற்றிப் பேரம் பேசுவது குற்றம் என்று 1799இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. லோகன் சட்டம் என்றே அதற்குப் பெயர். இரண்டு நூற்றாண்டு தாண்டியும் அதன்கீழ் குற்றச்சாட்டு பதிவானது இரண்டே முறை, தண்டனை ஒருமுறையும் இல்லை. எந்தத் தன்னார்வ அமைப்பும் வெளிநாட்டு அரசோடு பேரம் பேசப் போவதில்லை என்பதால் இதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை.

இந்தியாவில் இருக்கிறவர் கவனிக்கவேண்டிய சட்டங்கள் வேறு. வெளிநாட்டுக் கிளப்பிலிருந்து உள்ளூர்க் கிளப்புக்கு ஒரு சிறு தொகை வந்தால்கூட, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட ஒரு கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க முடியும். வாங்கிய பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. 'நண்பர்கள்தானே, தனிப்பட்ட கணக்கில் போட்டுவிடுங்கள்' என்று சொல்லி மாட்டிக்கொண்டால் மீள்வது கஷ்டம். அதே சட்டத்தில் விருந்தோம்பல் பற்றியும் ஒரு பிரிவு இருக்கிறது. அரசு ஊழியர், நீதிபதி, சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினர், கட்சிப் பொறுப்பாளர், பொதுத்துறை ஊழியர் ஆகியோர் வெளிநாட்டு அமைப்பு தரும் டிக்கெட்டிலோ தங்குமிடத்திலோ வெளிநாடு போவதென்றால் மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியருக்கும் இது பொருந்தும்.

வீட்டில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ஓட்டல்காரர்கள் 'சி ஃபாரம்' என்பார்கள். ஓட்டலுக்கு மட்டும்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்கும் உண்டு. விருந்தாளி வந்து காபி குடித்து முடித்ததும் பாஸ்போர்ட்டையும் விசாவையும் கேட்டு வாங்கிப் பதிந்துவிடுவது நல்ல பழக்கம். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, இந்தியா வருகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

அரசுகள் சண்டை போட்டுக்கொண்டால்?

இந்தத் துறையின் நிஜமான சோதனை இதுதான். சேருவதற்கு முன் ஓர் அமைப்பிடம் கேட்கவேண்டிய கேள்விகளில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின் நடுவே, ஜெர்மன் குண்டுவீச்சில் நாசமான இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துப் பெண்கள் 830 பேர், ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டு, தங்கள் பெயர்களை ஒரு மேசை விரிப்பில் நூலால் தைத்து, தங்களைப் போலவே நொறுங்கிப் போன ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். 1944இல் அந்த உறவு முறைப்படி நகர உறவானது. பனிப்போர்க் காலம் முழுக்க அது அறுபடவில்லை. ஸ்டாலின்கிராடின் பெயர் வோல்கோகிராட் என்று மாறியபின் 1966இல் சென்னையும் அதோடு உறவு வைத்துக்கொண்டது. ஆனால் 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் கவென்ட்ரி மாநகராட்சி அந்த உறவை நிறுத்திவைத்தது. அமெரிக்காவிலும் பல நகரங்கள் அதையே செய்தன. இத்தனைக்கும், உறவை முறிக்க வேண்டாம் என்று சிஸ்டர் சிட்டீஸ் இன்டர்நேஷனல் கேட்டுக்கொண்டது. யார் செய்தது சரி என்பதில் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குள்ளேயே இன்றும் ஒத்த கருத்து இல்லை. வாசலை மூடுவது எதிர்ப்பைத் தெரிவிக்கும் வழி என்பார் ஒருவர். மூடிய வாசல் வழியாக யாருக்கும் எதுவும் தெரிவிக்க முடியாது என்பார் மற்றவர். இரண்டாவது தரப்பின் பக்கம் கூடுதல் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. பனிப்போரின் நடுவில், 1973இல், சியாட்டில் நகரம் தாஷ்கண்டோடு உறவு வைத்துக்கொண்டது. ஓர் அமெரிக்க நகரம் சோவியத் நகரம் ஒன்றோடு வைத்துக்கொண்ட முதல் உறவு அது. 1988இல் சியாட்டில் மக்கள் தாஷ்கண்டுக்குப் போய் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து தங்கள் கையாலேயே ஒரு சமாதானப் பூங்கா அமைத்தார்கள். சோவியத் யூனியனே மறைந்துவிட்டது, அந்த நகர உறவு மறையவில்லை.

சண்டைக்குப் போர்தான் வேண்டும் என்பதில்லை. சான் பிரான்சிஸ்கோவும் ஜப்பானின் ஒசாகாவும் 1957 முதல் சகோதர நகரங்கள். போர்க்காலத்தில் ஜப்பானியப் படையினரின் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்குச் சான் பிரான்சிஸ்கோவில் சிலை எழுந்ததும், ஒசாகா மேயர் 2018இல் உறவை முறித்தார். மக்களுக்கு இடையிலான உறவை ஒரு மேயர் தனியாக முறித்துவிட முடியாது என்று சான் பிரான்சிஸ்கோ மேயர் பதில் சொன்னார். காகிதத்தில் முறிந்தது முறிந்ததுதான். நகராட்சியின் கையெழுத்தை நம்பி நிற்கும் உறவைவிட, உறுப்பினர்களின் வீட்டு முகவரிகளை நம்பி நிற்கும் உறவு இப்படிப்பட்ட நேரத்தில் கொஞ்சம் அதிகம் தாங்கும்.

பணத்தின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 2025 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவுத் துறை பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியைத் திடீரென நிறுத்திவைத்தது. அரசு மானியத்தையே முழுக்க நம்பியிருந்த அமைப்புகள் திண்டாடின. சந்தாவிலும் உள்ளூர் நன்கொடையிலும் ஓடுகிறவை சமாளித்தன. ஆகவே சேரும் முன், ஆண்டறிக்கையைத் திறந்து வருமானத்தில் அரசுப் பணம் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது. சம்பள வேலைக்குப் போகிறவருக்கு இது ரொம்பவே முக்கியம்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் கேள்வி: "நம்மைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வார்களா?" பயன்படுத்திக்கொள்ளப் பார்ப்பார்கள். அணு ஆயுதப் போர் வருமா என்று பயந்து 1982இல் சோவியத் தலைவர் ஆந்த்ரபோவுக்குக் கடிதம் எழுதிய பத்து வயது அமெரிக்கச் சிறுமி சமந்தா ஸ்மித், அடுத்த ஆண்டு அவர் அழைப்பில் இரண்டு வாரம் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்தாள். உலகமே அவளைக் கொண்டாடியது. மாஸ்கோவின் விளம்பரத்துக்குக் குழந்தை இரையாகிவிட்டது என்று ஏசியவர்களும் இருந்தார்கள். இரு தரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது. அழைத்தவருக்கு ஒரு கணக்கு இருக்கும் என்று தெரிந்துகொண்டே போகிறவர் ஏமாறுவதில்லை.

இதனால் ஏதாவது பலன் உண்டா?

உண்டு, எல்லையோடு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1993 முதல் இஸ்ரேலிய, பாலஸ்தீனப் பதின்வயதினரை ஒன்றாகத் தங்கவைத்துவந்த 'சீட்ஸ் ஆஃப் பீஸ்' முகாமைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜூலியானா ஷ்ரோடரும் ஜேன் ரைசனும் ஆராய்ந்தார்கள். முகாம் முடிந்தபோது எதிர்த்தரப்பைப் பற்றிய எண்ணம் நல்லதாக மாறியிருந்தது. வீடு திரும்பிப் பல மாதங்கள் கழித்துக் கேட்டபோது அதில் கொஞ்சம் கரைந்திருந்தது, முழுக்கக் கரையவில்லை. எதிர்த்தரப்பில் நெருங்கிய நண்பர் ஒருவரைச் சம்பாதித்தவர்களிடம் மாற்றம் கூடுதலாக இருந்தது. நூறு பேரோடு கைகுலுக்குவதைவிட ஒருவரோடு நெருங்குவது மேல் என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஆறு நாளில் பதினோரு ஊர் காட்டும் பயணங்கள் கவனிப்பதில்லை.

எல்லை எங்கே என்பதற்குப் பாக் நீரிணையே சாட்சி. 2004இல் தமிழக மீனவர் குழு ஒன்று இலங்கைக்குப் போய் அங்குள்ள மீனவர்களைச் சந்தித்தது. 2010இல் இலங்கை மீனவர்கள் தமிழகம் வந்தார்கள். 2014 ஜனவரியில் சென்னையில் மறுபடி பேசினார்கள். இரு பக்கமும் தமிழ் பேசுகிறவர்கள், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, கடலும் ஒன்றே. யாழ்ப்பாண மீனவர் வலைகளை இழுவைமடிப் படகுகள் கிழித்துப் போவதைத் தமிழக மீனவர் நேரில் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் இழுவைமடியை விட்டுவிட்டால் படகுக் கடனை எப்படி அடைப்பது என்ற கேள்விக்குப் பேச்சு மேசையில் யாரிடமும் பணம் இல்லை. மனிதர்கள் ஒப்புக்கொண்டதை நிறைவேற்ற அரசின் கையிலிருக்கும் மானியமும் சட்டமும் தேவைப்பட்டன.

போலிகளை எப்படி அடையாளம் காண்பது?

'இளம் தூதர்' பட்டம், சான்றிதழ், ஐ.நா. முத்திரை போன்ற ஒரு வட்டம், 'தேர்வாகிவிட்டீர்கள், மூன்று நாளில் கட்டணம் செலுத்துக' என்ற மின்னஞ்சல். விண்ணப்பமே போடாதவருக்குத் தேர்வு அறிவிப்பு வந்தால் அதற்குமேல் விசாரிக்க வேண்டியதில்லை. மற்றபடி, இந்திய அமைப்பு என்றால் தன்னார்வ அமைப்புகளைப் பதியும் அரசுத் தளமான 'தர்பனி'லும், அமெரிக்க அமைப்பு என்றால் அது வருமான வரித் துறையிடம் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 990 படிவத்திலும், இங்கிலாந்து அமைப்பு என்றால் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டிலும் தேடிப் பார்க்கலாம். மூன்றும் இலவசம்.

முதல் கடிதத்தில் என்ன எழுதுவது?

உலக சமாதானத்தைப் பற்றி இரண்டு பத்தி எழுதுகிறவர்கள் ஏராளம், அந்தக் கடிதங்களை வாசிக்கிறவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. வீட்டில் கூடுதல் அறை உண்டா, எத்தனை பேர் படுக்கலாம், படியேற வேண்டுமா, நாய் வளர்க்கிறார்களா, என்னென்ன மொழி பேச முடியும், வார நாளில் எத்தனை மணிக்கு வேலை முடியும், கார் உண்டா, எந்தத் தொழில் செய்கிறவர்களோடு பழக்கம் என்று எழுதினால் மறு வாரமே பதில் வரும். செவிலியராக இருக்கிறவர் மருத்துவக் குழுக்களுக்கு, வங்கியில் வேலை பார்க்கிறவர் சிறுகடன் பற்றிப் படிக்க வருகிறவர்களுக்கு உதவ முடியும் என்பது ஒருங்கிணைப்பாளருக்கு உடனே பிடிபடும். சாப்பாட்டு மேசையில் அரசியல் வந்தால் என்ன செய்வது என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். 'பேச மாட்டேன்' என்பது நல்ல பதில் அல்ல, விருந்தாளி அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். 'என் கருத்தை என் கருத்து என்றே சொல்வேன், அவருடையதை முழுக்கக் கேட்பேன்' என்றால் அமைப்புகள் திருப்தியடையும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் கூப்பிடலாம். ஊழியர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்பதால், ஒரு பெரிய குழு ஊரில் இருக்கும் வாரத்தில் அஞ்சலைத் திறக்கவே நேரம் இருந்திருக்காது.